டவரை விட்டுச் சின்னப் பெட்டிக்கு மாறலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேசைக்கடியில் ஒன்பது வருடம் நின்ற பெரிய டவரை ஓரங்கட்டிவிட்டு, மேசை மேலேயே வைக்கக்கூடிய 11 லிட்டர் கேபினட்டுக்கு நான் மாறி ஒன்றரை வருடம் ஆகிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன். இதில் பாதி, நான் தப்பு செய்து கற்றுக்கொண்டவை.

ஒரு சின்ன விளக்கம்: நம்மில் பலர் பெட்டி முழுவதையுமே ‘சிபியு’ என்று சொல்வோம். இந்தப் பக்கத்தில் சிபியு என்றால் உள்ளே இருக்கும் பிராசஸர் மட்டும்.

சின்ன பிசி என்றால் எவ்வளவு சின்னது?

எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லை என்று எதுவும் இல்லை. இதில் இறங்கியவர்கள் கேபினட்டின் அளவை லிட்டரில் பேசுவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் கணக்கு வந்துவிடும். 23 × 46 × 45 செ.மீ. இருக்கும் ஒரு சாதாரண மிட் டவர் ஏறத்தாழ 48 லிட்டர். 20 லிட்டருக்குள் இருந்தால் சின்னது என்று பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். 10 லிட்டரைத் தாண்டினாலே ‘இதெல்லாம் சின்னதா?’ என்று கேட்பவர்களும் உண்டு.

சில உதாரணங்கள்: கூலர் மாஸ்டர் என்ஆர்200 கேபினட் 18 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ஃபிராக்டல் டெரா 10.4 லிட்டர். 2024-இல் வந்த மேக் மினி 12.7 செ.மீ. சதுரம், 5 செ.மீ. உயரம், கணக்குப் போட்டால் ஒரு லிட்டர்கூட இல்லை.

மினி ஐடிஎக்ஸ் என்கிறார்களே, அது என்ன?

மதர்போர்டின் அளவு. டவரில் இருக்கும் வழக்கமான ஏடிஎக்ஸ் போர்டு 305 × 244 மி.மீ.; 1995-இல் இன்டெல் கொண்டுவந்தது. மினி ஐடிஎக்ஸ் 170 × 170 மி.மீ. சதுரம், 2001-இல் தைவானின் வியா நிறுவனம் கொண்டுவந்தது. பரப்பளவில் ஏடிஎக்ஸில் ஐந்தில் இரண்டு பங்குதான். அதற்குள் சிபியு சாக்கெட், பெரும்பாலும் இரண்டே ரேம் ஸ்லாட், கார்டு செருகும் பிசிஐஇ ஸ்லாட் ஒரே ஒன்று, மெல்லிய எஸ்எஸ்டி செருகும் எம்.2 இடங்கள் ஒன்றிரண்டு, இவ்வளவுதான் அடங்கும். அந்த ஒரே ஸ்லாட்டில் கிராபிக்ஸ் கார்டு உட்கார்ந்துவிட்டால் வேறு எந்தக் கார்டுக்கும் இடமில்லை.

எனக்கு டவர் தேவையா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டவரின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றிப் பாருங்கள். நான் இதைத்தான் முதலில் செய்தேன். ஏழு ஸ்லாட்டில் ஒன்றில் மட்டும் கார்டு. நான்கு ரேம் ஸ்லாட்டில் இரண்டு காலி. ஹார்டு டிஸ்க் மாட்டும் ஆறு இடங்களில் ஒன்றில்தான் டிஸ்க். மேலே ஒரு டிவிடி டிரைவ். அதைக் கடைசியாக எப்போது திறந்தேன் என்று நினைவில்லை. மீதி எல்லாம் காற்றும் தூசியும். ‘பிற்பாடு தேவைப்படலாம்’ என்று ஒன்பது வருடம் காத்திருந்த காலி இடம் அது.

உங்கள் டவரில் மூன்று நான்கு ஹார்டு டிஸ்க் உண்மையாகவே ஓடிக்கொண்டிருந்தால், அல்லது வீடியோ பதியும் கேப்சர் கார்டு, சவுண்ட் கார்டு என்று இரண்டாவது மூன்றாவது ஸ்லாட் பயன்பாட்டில் இருந்தால், அவசரப்பட வேண்டாம். வேலைக்கு ஏற்ற பெட்டி ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது.

ரெடிமேட் மினி பிசி வாங்குவதா, நானே அசெம்பிள் செய்வதா?

இரண்டும் ஒரே பெயரில் பேசப்பட்டாலும் உள்ளே வேறு வேறு சாதனங்கள்.

ஒரு லிட்டர் அளவிலான மினி பிசியில் பெரும்பாலும் லேப்டாப்புக்குச் செய்த பிராசஸர்தான் இருக்கும். அது போர்டோடு சேர்த்து சால்டர் செய்யப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. ரேமும் எஸ்எஸ்டியும் மாற்றக்கூடியவையா என்பது மாடலைப் பொறுத்தது. ரேம் லேப்டாப்பில் போடும் சோ-டிம் வகை, அதாவது டவரில் இருக்கும் நீளமான ரேமில் பாதி நீளம். மின்சாரம் வெளியே இருக்கும் அடாப்டரிலிருந்து வரும். ஆவணங்கள், இணையம், நிரல் எழுதுவது, படம் பார்ப்பது, ஓரளவு போட்டோ எடிட்டிங் இவற்றுக்கு இது தாராளம். ‘பேர்போன்’ என்று போட்டு விற்றால் ரேம், எஸ்எஸ்டி, ஓஎஸ் மூன்றும் நாம்தான் போட வேண்டும். விலை குறைவாகத் தெரிந்தால் முதலில் அந்தச் சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். இந்த வகையைப் பரவலாக்கிய என்யுசி வரிசையை இன்டெல் 2023-இல் கைவிட்டது, பிறகு ஆசுஸ் எடுத்து நடத்துகிறது.

தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு தேவைப்பட்டால் மினி ஐடிஎக்ஸ் போர்டு, அதற்கேற்ற சின்ன கேபினட், நீங்களே அசெம்பிள் செய்வது. டவரில் போடும் அதே சிபியு, அதே வகைக் கார்டு, அதே ரேம். அளவு 8 முதல் 20 லிட்டர் வரை வரும். என்னுடையது இந்த ரகம்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு, பலர் யோசிப்பதே இல்லை. அலுவலகங்கள் பயன்படுத்திக் கழிக்கும் சின்னப் பெட்டிகள். லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிபிளக்ஸ் மைக்ரோ, ஹெச்பி எலைட்டெஸ்க் மினி போன்றவை. ஒரு லிட்டரை ஒட்டிய அளவு, உறுதியான கட்டுமானம். சிபியு பெரும்பாலும் சாக்கெட்டில் இருக்கும். பழையதாக வாங்கினால் நல்ல பேரம். இவற்றுக்கு அண்ணன் போல, கொஞ்சம் பெரிய ஆபீஸ் பெட்டிகளும் உண்டு. அவற்றில் ஒரு கண்ணி இருக்கிறது: போர்டும், எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளையும் அந்தக் கம்பெனியின் சொந்த வடிவம், வெளியில் வாங்கிய பாகம் பொருந்தாது. கார்டு போடலாம் என்றாலும் பாதி உயரக் கார்டுதான், அதுவும் ஸ்லாட்டிலிருந்து கிடைக்கும் 75 வாட்டுக்குள் ஓடுவதாக இருக்க வேண்டும். 70 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகை அந்த மாதிரி இடத்துக்குப் பொருந்தும். ஆனால் பாதி உயரத்தில் செய்ததாகப் பார்த்து வாங்க வேண்டும்.

அதற்கு லேப்டாப்பே வாங்கிவிடலாமே?

கம்ப்யூட்டரோடு தினமும் வெளியே போகிறவர் என்றால், ஆமாம், லேப்டாப்பே வாங்குங்கள். ஒரே மேசையில், பெரிய திரையோடு, நல்ல கீபோர்டோடு உட்கார்கிறவர் என்றால் பேட்டரிக்கும் மூடி வைக்கும் திரைக்கும் வீணாகக் காசு கொடுக்கிறீர்கள்.

வேகம் குறையுமா?

பெட்டி சின்னதாவதால் மட்டும் குறையாது. ஒரே சிபியு, ஒரே கார்டு, ஒரே மின்சாரம், ஒரே வெப்பநிலை என்றால் 48 லிட்டரில் வரும் வேகம் 11 லிட்டரிலும் வரும். குறைவது, வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் சிபியு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்போது. ஆக, கேள்வி வேகத்தைப் பற்றியது அல்ல, அடுத்த கேள்வியைப் பற்றியது.

சூடாகாதா?

ஆகும். எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான், பயத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் நிறையப் பேர் தவறான இடத்தில் பயப்படுகிறார்கள்.

சின்னப் பெட்டியில் இடம் இல்லாமல் போவது முதலில் சிபியு கூலருக்கு. டவரில் போடும் நாக்டுவா என்ஹெச்-டி15 போன்ற பெரிய கூலர் 165 மி.மீ. உயரம். சின்ன கேபினட்டில் கிடைக்கும் உயரம் 50, 60, 70 மி.மீ. என்று இருக்கும். தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90-எக்ஸ்47 என்ற கூலர் பெயரிலேயே உயரத்தைச் சொல்கிறது, 47 மி.மீ. நாக்டுவா என்ஹெச்-எல்9 வரிசையில் 37 மி.மீ. வரை இறங்கும். இத்தனை தட்டையான ஹீட் சிங்கால், அதாவது சூட்டை வாங்கி வெளியேற்றும் கூலரின் உலோகத் தகடுகளால், 200 வாட்டைச் சமாளிக்க முடியாது. 65 வாட் வகை சிபியுவை நிம்மதியாகச் சமாளிக்கும்.

அதனால் தீர்வு பாதி கூலரில், பாதி சிபியுவில் இருக்கிறது. ஏஎம்டி ரைசன் 7000 வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ரைசன் 9 7950எக்ஸ், 170 வாட் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் 230 வாட் வரை இழுக்கும். போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் ஈகோ மோடு என்ற அமைப்பை 65 வாட்டுக்கு மாற்றினால் அதே சிபியு 88 வாட்டோடு நின்றுவிடும். மின்சாரம் பாதிக்கும் கீழே போகிறது, வேகம் அந்த அளவுக்குப் போவதில்லை; கடைசிச் சில சதவீத வேகத்துக்காகத்தான் இந்தச் சிபியுக்கள் அவ்வளவு மின்சாரத்தைக் குடிக்கின்றன. கிராபிக்ஸ் கார்டிலும் இதே கதை. வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கி, பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்குக் கொண்டுவந்தேன். விளையாடும்போது எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, கார்டின் ஃபேனுக்குத் தெரிந்தது.

இன்னொன்று. ரைசன் 7000 சிபியு 95 டிகிரியில் நின்றால் ஏதோ எரியப் போகிறது என்று அர்த்தமில்லை. அந்த எல்லை வரை போய் நின்று ஓடும்படிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். எண்ணைப் பார்த்துப் பதறாமல், வேலை செய்யும்போது கடிகார வேகம் விழுகிறதா என்று பாருங்கள்.

பெட்டியை எங்கே வைக்கிறோம் என்பதும் கணக்கில் சேரும். மூடிய அலமாரிக்குள் வைத்தால் எந்தக் கூலரும் காப்பாற்றாது. விட்ட சூட்டையே திரும்ப இழுக்கும். காற்று போகும் வரும் பக்கங்களில் ஒரு சாண் இடைவெளி விட்டாலே போதும்.

சத்தம்?

ஒரே அளவு காற்றைத் தள்ள, சின்ன ஃபேன் அதிக வேகத்தில் சுற்ற வேண்டும். 140 மி.மீ. ஃபேன் நிதானமாகச் செய்யும் வேலையை 92 மி.மீ. ஃபேன் இரைந்து செய்யும். இது தெரிந்த விஷயம். தெரியாத விஷயம்: டவர் காலடியில் இருந்தது, இது காதுக்கு எதிரே மேசை மேல் இருக்கும். அதே கார்டு, அதே ஃபேன் என்றாலும் இப்போது அதிகமாகக் கேட்கும். டவரில் இருந்தவரை எனக்குக் கேட்காத காயில் இரைச்சல், அதாவது லோடு ஏறும்போது கார்டிலிருந்து வரும் மெல்லிய கீச்சொலி, இங்கே வந்த முதல் நாளே கேட்டது. ஃபிரேம் வேகத்துக்கு ஒரு வரம்பு வைத்ததும் பெரும்பாலும் அடங்கியது.

எந்த வெப்பநிலையில் ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்று சொல்லும் ஃபேன் கர்வில் ஒரு மாற்றம் செய்யுங்கள்: வெப்பநிலை ஒரு நொடி துள்ளினாலும் ஃபேன் உடனே ஏறி இறங்காதபடி, சில நொடி தாமதம் கொடுக்கும் அமைப்பு பல பயாஸில் இருக்கிறது. ஒரே சீரான சத்தம் பழகிவிடும். ஏறி இறங்கும் சத்தம் உயிரை வாங்கும்.

பழைய டவரின் பாகங்களில் எவற்றை எடுத்துக்கொள்ளலாம்?

சிபியு வரும், அதற்கேற்ற சாக்கெட்டில் ஐடிஎக்ஸ் போர்டு இன்னும் கிடைத்தால். பழைய தலைமுறைக்குப் புது ஐடிஎக்ஸ் போர்டு தேடுவது சில சமயம் சிபியுவைவிடச் செலவு வைக்கும்.

ரேம் வரும், நான்கில் இரண்டு மட்டும். முந்தைய தலைமுறை டிடிஆர்4 ரேம் புதிய டிடிஆர்5 போர்டில் பொருந்தாது, பள்ளம் வேறு இடத்தில் இருக்கும். வண்ண விளக்கு வைத்த உயரமான ரேம் என்றால் தட்டையான கூலர் அதன் மேல் இடிக்கிறதா என்று பாருங்கள்.

எம்.2 எஸ்எஸ்டி அப்படியே வரும். கிராபிக்ஸ் கார்டு வரலாம். டேப் எடுத்து அளக்கும் வரை நம்ப வேண்டாம். சிபியு கூலர் பெரும்பாலும் வராது.

எஸ்எம்பிஎஸ்: சாதாரண ஏடிஎக்ஸ் வகை 150 மி.மீ. அகலம், 86 மி.மீ. உயரம், நீளம் 140-லிருந்து. சின்ன கேபினட்டுகள் கேட்பது எஸ்எஃப்எக்ஸ் வகை: 125 × 63.5 × 100 மி.மீ. கனஅளவில் பாதிக்கும் குறைவு. எனவே பெரும்பாலும் புதிதாக வாங்க வேண்டிவரும். அப்படி வாங்கும்போது ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள்: பழைய மாடுலர் (கேபிளைக் கழற்றக்கூடிய) எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள்களைப் புதியதில் செருகாதீர்கள். பிளக் பொருந்தும். ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் எந்த முனையில் எந்த வோல்டேஜ் என்பது கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல் மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் டிஸ்க் புகைந்துவிடும். எத்தனை வருடப் படங்கள் அதில் இருந்தன என்று அது கேட்காது.

எதை முதலில் வாங்க வேண்டும்?

டவரில் இந்தக் கேள்விக்கே வேலையில்லை; எதை வாங்கினாலும் உள்ளே போகும், மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சின்னப் பெட்டியில் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பதுதான் இல்லாமல் போகிறது. எல்லா முடிவையும் முதல் பாகத்துக்குக் காசு கொடுக்கும் முன்பே எடுத்தாக வேண்டும். இடம் சுருங்கியதைவிட, என் சோம்பலுக்கு இதுதான் பெரிய அடி.

என் வரிசை இது. முதலில் என்ன கிராபிக்ஸ் கார்டு என்று முடிவு செய்தேன், வாங்கவில்லை. அது நுழையும் கேபினட்டைத் தேடினேன். கேபினட் அனுமதிக்கும் கூலர் உயரத்தைப் பார்த்தேன். அந்தக் கூலர் தாங்கும் சிபியுவைத் தேர்ந்தெடுத்தேன். போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் கடைசியில். எல்லாம் தாளில் பொருந்திய பிறகுதான் ஒன்றை வாங்கினேன்.

கார்டை அளக்கும்போது மூன்று அளவும் வேண்டும். ஒரு ஸ்லாட் என்பது ஏறத்தாழ 20 மி.மீ.; ‘இரண்டு ஸ்லாட்’ என்று பெட்டியில் போட்டிருந்தாலும் சில கார்டுகள் 45, 50 மி.மீ. தடிமன் வந்துவிடும். அந்தக் கூடுதல் 5 மி.மீ. டவரில் யாருக்கும் தெரியாது. இங்கே கதவு மூடாது. கார்டின் மேல் விளிம்பில் பவர் கேபிள் செருகும் இடமும் கேபிள் வளையும் இடமும் தனி. புதிய 16 முனை கனெக்டர் என்றால் செருகிய இடத்தை ஒட்டியே மடக்கக் கூடாது. மூன்று நான்கு செ.மீ. நேராகப் போய்த்தான் வளைய வேண்டும்.

எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் போதும்?

115 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 4060 மாதிரிக் கார்டும் 65 வாட் சிபியுவும் என்றால் 450 வாட்டே தாராளம். 200 முதல் 250 வாட் கார்டு என்றால் 600, 650. அதற்கு மேல் போகிறவர் 750, 850 பார்க்கலாம். எஸ்எஃப்எக்ஸ் அளவில் அவையும் கிடைக்கின்றன. குறைந்த லோடில் ஓடும்போது பல எஸ்எம்பிஎஸ்களின் ஃபேன் மெதுவாகவோ, சுற்றாமலோ இருக்கும் என்பதால் கொஞ்சம் கூடுதலாக வாங்குவது வீணல்ல.

ரைசர் கேபிள் அவசியமா? அதில் பிரச்சினை வருமாமே?

சில கேபினட்டில் கார்டு போர்டின் மேல் செங்குத்தாக நிற்காமல், போர்டின் முதுகுக்குப் பின்னால் படுத்திருக்கும். இரண்டு ரொட்டித் துண்டு மாதிரி. இரண்டையும் இணைப்பதுதான் ரைசர் கேபிள். கேபினட்டோடு வருவது பிசிஐஇ 3 தலைமுறைக் கேபிளாக இருந்து, போர்டும் கார்டும் 4-ஆம் தலைமுறையாக இருந்தால், திரை வராது, அல்லது வந்து நடுவில் அறுந்துபோகும். பயாஸில் அந்த ஸ்லாட்டை ‘ஜென் 3’ என்று கையால் மாற்றினால் சரியாகும். திரையே வராதபோது எப்படி மாற்றுவது? சிபியுவில் உள்ளேயே கிராபிக்ஸ் இருந்தால் மானிட்டரைப் போர்டில் செருகி மாற்றலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே உள்ளடங்கிய கிராபிக்ஸ் இருக்கும் சிபியுவை நான் சிபாரிசு செய்வேன்.

வாட்டர் கூலிங் போடலாமா?

தண்ணீரை ஆற்றும் 240 மி.மீ. ரேடியேட்டருக்குக் கேபினட்டில் இடம் இருந்தால் போடலாம். காற்று எப்போதும் மேலே போய்ச் சேரும் என்பதால் பம்ப் இருக்கும் பகுதி மொத்த வளையத்திலும் உயரமான இடமாக இருக்கக் கூடாது. எனக்கு இதில் பெரிய ஆர்வமில்லை. சில வருடத்தில் பழுதாகக்கூடிய பம்ப்பை, கழற்றுவதற்கு மூன்று பாகத்தை எடுக்க வேண்டிய ஒரு இடத்தில் வைப்பானேன்?

அசெம்பிள் செய்வது ரொம்பக் கஷ்டமா?

கஷ்டம் என்பதைவிட, வரிசை முக்கியம். டவரில் எதை மறந்தாலும் கை உள்ளே போகும். இங்கே கார்டு மாட்டிய பிறகு முன்பக்க பட்டன் கேபிளை மறந்தது தெரிந்தால், கார்டு, எஸ்எம்பிஎஸ் இரண்டையும் கழற்ற வேண்டும்.

பெட்டிக்குள் போடும் முன், மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே வைத்து சிபியு, ரேம், கூலர் மட்டும் மாட்டி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். போர்டின் பின்புறம் ஒரு எம்.2 இடம் இருந்தால் அதிலும் இப்போதே எஸ்எஸ்டியைப் பொருத்திவிடுங்கள். போர்டு உள்ளே போய்விட்டால் அங்கே விரல் போகாது. அந்தப் பின்புற இடத்தில் காற்று வராது, ஆகவே ஓஎஸ் இருக்கும் எஸ்எஸ்டியை முன்புறத்திலும், சேமிப்புக்கு மட்டும் உள்ளதைப் பின்புறத்திலும் வையுங்கள்.

அப்புறம், டிடிஆர்5 போர்டு முதல்முறை ஓடும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை கருப்பாகத்தான் இருக்கும். எனக்கு இது தெரியாது. இரண்டு நிமிடம் பார்த்தேன், திரை வரவில்லை. ரைசர்தான் காரணம் என்று முடிவு கட்டி, எல்லாவற்றையும் கழற்றி, திரும்ப மாட்டி, திரும்பக் கருப்புத் திரை. மூன்றாவது முறை சலித்துப்போய், ஓடவிட்டுவிட்டு எழுந்து போனேன். திரும்பி வந்தபோது பயாஸ் திரை வந்து எனக்காகக் காத்திருந்தது. ஒரு மாலைப் பொழுது போனது.

கேபிள்கள் டவருக்கான நீளத்தில் வந்தால் அவற்றைத் திணிக்க இடமில்லாமல் திண்டாட்டம். எஸ்எஃப்எக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸோடு பொதுவாகக் குட்டைக் கேபிள்கள் வரும். உங்கள் மாடலுக்கென்றே நீளம் அளந்து செய்த கேபிளும் வாங்கலாம். முதல் முறைக்கு அது தேவையில்லை.

வைஃபை ஆன்டெனாவை மாட்டுங்கள். சிரிக்க வேண்டாம். உலோகப் பெட்டிக்குள் ஆன்டெனா இல்லாமல் வைஃபை ஏன் தடுமாறுகிறது என்று கேட்டவர்களில் நானும் ஒருவன்.

என் பெரிய ஹார்டு டிஸ்குகள் எங்கே போகும்?

வெளியே. 3.5 அங்குல டிஸ்க் ஒவ்வொன்றும் 10 செ.மீ. அகலம், 2.6 செ.மீ. தடிமன், 10 லிட்டர்ப் பெட்டியில் பெரும்பாலும் இடமில்லை. ஒன்றிரண்டு என்றால் யுஎஸ்பி உறையில் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் நெட்வொர்க்கில் இணையும் நாஸ் பெட்டி, அல்லது பழைய டவரே அந்த வேலையைப் பார்க்கலாம். டிஸ்க் சுழலும் உறுமல் மேசையிலிருந்து வேறு அறைக்குப் போய்விடுவது எதிர்பாராத லாபம்.

விண்டோஸைத் திரும்ப நிறுவ வேண்டுமா?

பழைய எஸ்எஸ்டியைப் புதுப் போர்டில் மாட்டினாலே விண்டோஸ் 10, 11 பெரும்பாலும் எழுந்துவிடும். லினக்ஸ் இன்னும் சுலபமாக எழும். ஆனாலும் நான் புதிதாக நிறுவவே சொல்வேன். ஒன்பது வருடக் குப்பையைப் புது வீட்டுக்கு ஏன் மூட்டை கட்ட வேண்டும்?

கழற்றும் முன்பு இரண்டு வேலை. எஸ்எஸ்டி, விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், போர்டு மாறியதும் அது 48 இலக்கச் சாவியைக் கேட்கும்; அந்தச் சாவியைத் தாளிலோ வேறு சாதனத்திலோ எழுதி வையுங்கள். இரண்டாவது, விண்டோஸ் லைசென்ஸ். போர்டு மாறினால் ஆக்டிவேஷன் போய்விடும். தனியாக வாங்கிய ரீட்டெய்ல் லைசென்ஸ் என்றால் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவிட்டு புதியதில் மீட்டுக்கொள்ளலாம். கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த ஓஇஎம் லைசென்ஸ் பழைய கம்ப்யூட்டரோடுதான்.

மின்சாரம் மிச்சமாகுமா?

மினி பிசிக்கு மாறினால் ஆகும். சும்மா ஓடும்போது கிராபிக்ஸ் கார்டுள்ள டவர் 60 வாட் இழுக்கிறது, மினி பிசி 10 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் 8 மணி நேரம் என்றால் வருடத்துக்கு 146 யூனிட் வித்தியாசம். நானே அசெம்பிள் செய்த ஐடிஎக்ஸில் அப்படி எதுவும் நடக்கவில்லை. பாகங்கள் அதே வகைதான், பெட்டிதான் சின்னது.

பிறகு அப்கிரேட் செய்ய முடியுமா?

ஐடிஎக்ஸில் முடியும், ஆனால் சேர்ப்பது அல்ல, மாற்றுவது. ரேமை 32-லிருந்து 64 ஜிபிக்குக் கொண்டுபோக, இருக்கும் இரண்டையும் கழற்றிவிட்டுப் புதிய இரண்டு போட வேண்டும். அதனால் முதலிலேயே தேவைக்கு ஒரு படி அதிகமாக வாங்கிவிடுங்கள். மினி பிசியில் தண்டர்போல்ட் அல்லது ஆகுலிங்க் என்ற வேகமான இணைப்பு இருந்தால் வெளியே கிராபிக்ஸ் கார்டு இணைக்கலாம். அப்போது மேசை மேல் ஒரு கார்டு, அதற்கொரு எஸ்எம்பிஎஸ், இரண்டு கேபிள். சின்னப் பெட்டி வாங்கிய காரணமே போய்விடும். சில புதிய சின்னப் பெட்டிகளில், 4.5 லிட்டர் ஃபிரேம்வொர்க் டெஸ்க்டாப் போல, ரேமே போர்டில் சால்டர் செய்யப்பட்டிருக்கிறது. அங்கே வாங்கும் நாளில் எடுத்த முடிவுதான் கடைசி வரை.

செலவு அதிகமா?

ஐடிஎக்ஸ் என்றால், ஆமாம். அதே வசதியுள்ள பெரிய போர்டைவிட ஐடிஎக்ஸ் போர்டு விலை கூடும், எஸ்எஃப்எக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸும் அப்படியே. சின்னதாக இருப்பதற்கே தனியாகக் காசு. பழைய ஆபீஸ் பெட்டி இதற்கு நேர் எதிர்.

தூசி?

சீக்கிரம் தெரியும், சீக்கிரம் தட்டலாம். டவர் தரையில் நின்று அறைத் தூசியை எல்லாம் இழுத்தது. இது மேசை மேல் இருப்பதால் குறைவாகவே சேர்கிறது. ஆனால் ஹீட் சிங்க் சின்னது, கொஞ்சம் அடைத்தாலும் வெப்பம் ஏறிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காற்றடிக்கிறேன். காற்றடிக்கும்போது ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

தூக்கிக்கொண்டு போகலாமா?

கையில் என்றால் தாராளமாக. பார்சலில் அனுப்புவதாக இருந்தால் கார்டைக் கழற்றித் தனியாகக் கட்டுங்கள்.

பழைய டவரை என்ன செய்வது?

கொடுப்பதாக இருந்தால் டிஸ்க்கை வெறுமனே டெலீட் செய்து கொடுக்காதீர்கள். எஸ்எஸ்டி என்றால் பயாஸில் அல்லது தயாரித்தவரின் மென்பொருளில் உள்ள முழு அழிப்பு வசதி, சுழலும் டிஸ்க் என்றால் முழுவதும் ஒருமுறை மேலெழுதுவது. என் டவரை நான் கொடுக்கவில்லை. கிராபிக்ஸ் கார்டை எடுத்துவிட்டு, சிதறிக் கிடந்த ஹார்டு டிஸ்குகளை எல்லாம் அதில் மாட்டி, லினக்ஸ் போட்டு, பரண் பக்கத்து அறையில் வைத்திருக்கிறேன். இரவு இரண்டு மணிக்கு எழுந்து, சின்னப் பெட்டியிலிருந்து பேக்கப் எடுத்துவிட்டு, திரும்பத் தூங்கிவிடுகிறது. ஒன்பது வருடம் ஒன்றைத் தவிர மற்றவை காலியாக இருந்த அந்த ஆறு இடங்களில் இப்போது நான்கு நிரம்பியிருக்கின்றன.